ஆளைத் தேடிச் சென்ற ஊசி: எச்.ஐ.வி. தடுப்பில் நடமாடும் களப்பணி

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது அது தெரியவந்தது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. தொடக்ககாலத் தடுப்புப் பணி பெரும்பாலும் பாலியல் வழித் தொற்றையே கவனித்தது. ஊசியால் போதை ஏற்றுவது மணிப்பூரின் சிக்கல் என்ற எண்ணம் இருந்தது.

சென்னையிலும் அவர்கள் இருந்தார்கள். 1990-களில் அங்கே ஹெராயினுக்கு மாற்றாகப் பலர் புப்ரெனார்ஃபின் என்ற வலிநீக்கி மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டனர். ஒரே ஊசி பல கை மாறியது. குழலுக்குள் தங்கும் சிறிதளவு ரத்தமே கிருமியைக் கடத்தப் போதுமானது. 2003-ஆம் ஆண்டுக் கண்காணிப்பில், தமிழகத்தில் சோதிக்கப்பட்ட இப்பிரிவினரில் சுமார் 64 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்தது. 2007-இல் இது சுமார் 17 ஆனது. இந்த இறக்கம் முழுவதையும் திட்டங்களின் வெற்றியாகக் கொள்ள முடியாது. மாதிரி சிறியது, இறந்துபோனவர்களும் கணக்கிலிருந்து மறைகிறார்கள்.

இவர்கள் ஏன் மருத்துவமனைக்கு வருவதில்லை? 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டப்படி, உட்கொள்வதே குற்றம். பையில் ஊசி இருந்தால் போலீஸ் பயம். ஆகவே சேவைதான் அவர்களிடம் போக வேண்டும். ஆம்ஸ்டர்டாம் நகரம் 1979-லேயே மெத்தடோன் மருந்தைப் பேருந்தில் கொண்டுசென்று கொடுத்தது. 1984-இல் அங்கே போதை பயன்படுத்துவோரின் சங்கமே ஊசி மாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது அவர்கள் அஞ்சியது எய்ட்ஸுக்கு அல்ல, மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ்-பி கிருமிக்கு.

இந்தியாவில் மணிப்பூர் 1996-இல் தன் எய்ட்ஸ் கொள்கையில் தீங்கு குறைப்பு அணுகுமுறையை ஏற்றது. களப்பணியாளர்கள், பெரும்பாலும் முன்பு அதே பழக்கத்தில் இருந்தவர்கள், பாலத்தடிக்கும் சுடுகாட்டுக்கும் புது ஊசிகளுடன் போனார்கள், பழையதை வாங்கிக்கொண்டார்கள். 2007-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் மாற்று மருந்துச் சிகிச்சையும் சேர்ந்தது. அதற்குப் பயன்பட்டதும் அதே புப்ரெனார்ஃபின்தான்! ஆனால் இம்முறை ஊசியில் அல்ல. பணியாளர் கண்முன்னே நாக்கின் அடியில் கரையும் மாத்திரையாக.

ஓரிடத்தில் நிற்கும் மையத்தின் எல்லையும் பின்னர் தெரிந்தது. எல்லாச் சேவைகளையும் ஒரே கூரையின்கீழ் தரும் மையங்களை இந்திய நகரங்களில் அமைத்துச் செய்த ஆய்வு 2019-இல் லான்செட் எச்.ஐ.வி. இதழில் வெளியானது. மையங்கள் உள்ள நகரங்களில் பரிசோதனை செய்துகொண்டோர் சற்றுக் கூடியிருந்தனர். ஆனால் அந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. இலக்கு மக்களில் பலர் மையத்தின் வாசலுக்கே வந்திருக்கவில்லை.