54 சதுர அடி சமையலறை, 20 கிலோ ரேஷன் அரிசி, வாசலுக்கு வரும் மழைத்தண்ணீர்: வடசென்னை வீடுகளில் எதை எங்கே வைப்பது? முழு விவரம்

'கிச்சனை அழகா அடுக்குவது எப்படி' என்று தேடினால் வெள்ளை கேபினட், கண்ணாடி ஜாடி, ஒரே மாதிரி லேபிள் என்று படம் படமாக வருகிறது. ஆனால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களின் பிரச்னை வேறு. அங்கே இடம் கம்மி, உப்புக்காற்று அதிகம், தூசி படியும். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் தண்ணீர் எப்போ உள்ளே வருமோ என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும். இந்த வீடுகளுக்கு எந்த முறை ஒத்துவரும்? பார்ப்போம்.

சமையலறை எவ்வளவு பெரிசா இருக்கணும்?

இந்தியாவின் தேசிய கட்டிட விதித்தொகுப்பு, சமையலறைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் வேண்டும் என்கிறது. நம்ம கணக்கில் சுமார் 54 சதுர அடி. அதாவது 9 அடிக்கு 6 அடி. பழைய வாரியக் குடியிருப்புகளிலும் வரிசை வீடுகளிலும் இந்த அளவுகூட இல்லாத அடுப்படிகள் நிறைய உண்டு.

சின்ன சமையலறை உலகத்துக்குப் புதுசு இல்லை. 1926-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக, மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டிடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அளவு ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எந்தப் பொருளை அடிக்கடி எடுக்கிறார் என்று பார்த்து, மளிகைக்கு எனத் தனித்தனி இழுப்பறைகளை வைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி அதுதான். நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டியும் இதே யோசனைதான்: தினமும் வேண்டியது எல்லாம் ஒரே மூடிக்குள்ளே, கைக்கு எட்டும் இடத்தில்.

வடசென்னையில் கூடுதலா என்ன பார்க்கணும்?

மூன்று விஷயங்கள்.

தண்ணீர்: 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர், திருவொற்றியூர், மணலி பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்தது. மரம், அட்டை, பிளாஸ்டிக் மேல் படிந்த எண்ணெயை முழுசாகக் கழுவி எடுப்பது கஷ்டம். அரிசி, பருப்பு மூட்டையில் பட்டால் அதை வெளியே கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

தூசி: சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது 2011-ல் நீதிமன்ற உத்தரவால் நின்றது, அந்தச் சரக்கு எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. அனல்மின் நிலையங்களும் கண்டெய்னர் லாரிகளும் ஓடும் பகுதியில் திறந்த செல்ஃபில் வைத்த பாத்திரத்தை எடுக்கும்போதெல்லாம் கழுவத்தான் வேண்டும்.

உப்புக்காற்று: கீல், ட்ராயர் ஓடும் சேனல், கம்பி ஸ்டாண்ட் ஆகியவைதான் முதலில் துருப்பிடிக்கும்.

எதை எங்கே வைக்கணும்?

எங்கே காலி இடம் இருக்கோ அங்கே திணிப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. அதற்குப் பதிலா இரண்டு கேள்வி கேட்டால் போதும். ஒன்று, இதை எத்தனை தடவை எடுக்கிறோம்? இரண்டு, இதில் தண்ணி பட்டா என்ன ஆகும்?

தரை முதல் முழங்கால் வரை: நனைந்தாலும் கழுவிக்கொள்ளக் கூடியவை மட்டும். எவர்சில்வர் பாத்திரம், குக்கர், இட்லிப் பானை, குடம்.

முழங்கால் முதல் இடுப்பு வரை: இழுப்பறைகள். மேலே இருப்பது 4 அங்குல ஆழம் போதும். கரண்டி, கத்தி, ஸ்பூன். கீழே ஆழமானது, தட்டு, கிண்ணம். தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் நிற்க வைத்தால் ஒரு கையால் எடுக்கலாம்.

இடுப்பு முதல் கண் வரை: இதுதான் தங்கமான இடம். தினசரி மளிகை, மசாலா, எண்ணெய், உப்பு, புளி. கருவாடு வாங்கும் வீடுகளில் அதற்கு மட்டும் இறுக்கமான மூடி போட்ட தனி டப்பா.

பரண்: எப்போதாவது எடுக்கும், எடை குறைந்த பொருட்கள். பண்டிகைப் பாத்திரமா இருந்தாலும் கனமான அண்டாவைத் தலைக்கு மேல் வைக்க வேண்டாம். ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம் போன்றவற்றைச் சமையலறையில் வைக்கும் வழக்கம் இருந்தால், பிளாஸ்டிக் கவரில் போட்டு மேலே வையுங்கள்.

அரிசி மூட்டையை என்ன செய்வது?

ரேஷனில் பல குடும்பங்கள் மாதம் 20 கிலோ அரிசி வாங்குகின்றன. 20 கிலோ அரிசிக்கு சுமார் 25 லிட்டர் இடம் வேண்டும். மூட்டை அப்படியே தரையில கிடக்கும். தண்ணி வந்தா முதலில் நனைவதும் அதுதான். பரணில் ஏற்றலாம் என்றால், 20 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குவது வயதானவர்களுக்கு ஆபத்து.

நடுவழி, பிரித்து வைப்பதுதான். 5 கிலோவை அன்றாட டப்பாவில் போடுங்கள். மீதி 15 கிலோவை மூன்று 5 கிலோ டப்பாவாகவோ கெட்டியான பையாகவோ பிரித்து, முழங்காலுக்கு மேல் உறுதியான கடப்பா கல் செல்ஃபில் வையுங்கள். எச்சரிக்கை வந்ததும் வீட்டில் யார் வேண்டுமானாலும் ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே வைக்கலாம். ஒரே மூட்டையாக இருந்தால் அதைத் தூக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

செலவில்லாமல் இடம் கூட்ட வழி உண்டா?

- வட்ட டப்பா, அது நிற்கும் சதுர இடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீணாக்கும். பெரிய அளவுகளுக்கு சதுர டப்பா. சின்னதுக்கு இருக்கிற வட்ட டப்பாவே போதும்.
- கடப்பா செல்ஃப்களுக்கு நடுவே ஒன்றரை அடி இடைவெளி இருந்து, டப்பா அரை அடிதான் என்றால் மேலே ஒரு அடி காலி. நடுவில் ஒரு சின்ன ஸ்டாண்ட் வைத்தால் செல்ஃப் இரண்டாகும்.
- கதவின் உட்புறத்தில் கொக்கி போட்டு மூடிகள், கரண்டிகளை மாட்டலாம்.
- வீட்டு ஓனர் ஆணி அடிக்க விடாவிட்டால், தரையில் நிற்கும் ஒடுக்கமான உயர ரேக் நல்லது. அதைச் சுவரோடு ஒட்டி, கனமானதைக் கீழ்த்தட்டில் வையுங்கள்.
- சின்ன பாட்டில்களை ஒரு தட்டில் வைத்து செல்ஃபில் தள்ளுங்கள். தட்டை இழுத்தால் பின்னால் இருப்பதும் வரும்.

புதுசா கேபினட் போடுவோர் கவனிக்க

எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு தண்ணி பட்டால் ஊதிவிடும். பிளைவுட் என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் வகை. பட்ஜெட் இடிக்கிறதா, ஐஎஸ் 303-ல் பிடபிள்யூஆர் கிரேடு கேளுங்கள். கம்பி, கூடை, கீல் வாங்கும்போது 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேளுங்கள். அடி கேபினட்டை தரையோடு ஒட்டாமல் கால் வைத்துத் தூக்கினால் அடியில் துடைக்கலாம். தூசிக்காகக் கதவு போட்டாலும் வாரம் ஒரு நாள் திறந்து வைத்துக் காற்றாட விடுங்கள்.

சிலிண்டர் கேபினட்டுக்குள் போகலாமா?

இடம் மிச்சமாகும் என்று சிலிண்டரைக் காற்றோட்டமில்லாத அடி கேபினட்டில் அடைத்துவிடுகிறார்கள். இது கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டர் நேராக நிற்கணும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கணும், கேபினட்டுக்குள்தான் என்றால் அடியில் காற்றுத் துளைகள் கட்டாயம். ரப்பர் டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றணும். பக்கத்தில் மண்ணெண்ணெய், பினாயில் வேண்டாம்.

14.2 கிலோ சிலிண்டர், கேஸ் நிறைந்திருந்தாலும் வெள்ளத்தில் மிதக்கும். தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்தால் ரெகுலேட்டரை ஆஃப் செய்து கழற்றி, பாதுகாப்பு மூடியைப் போட்டுவிடுங்கள். கேஸ் கசிவு என்றால் 24 மணி நேர உதவி எண் 1906.

எப்போ ஆரம்பிக்கலாம்?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முதலில் முழங்காலுக்குக் கீழே இருப்பதை மட்டும் வெளியே எடுத்துப் பாருங்கள். அதில் நனையக் கூடாதது எதுவோ, அதற்கு இன்றைக்கே மேலே ஒரு இடம் ஒதுக்குங்கள். மற்றதை அடுத்த வாரம் அடுக்கிக்கொள்ளலாம்.