கினிப் பன்றி உலர்புல் தட்டு விரிப்புகளின் வரலாறு

கினிப் பன்றிகளுக்கு உலர்ந்த புல் இடும் தட்டின் அடியில் ஈரத்தை உறிஞ்சப் பரப்பப்படும் பொருள் உலர்புல் தட்டு விரிப்பு ஆகும். கினிப் பன்றியின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. அவை தேய்வதற்கும் குடல் சீராக இயங்குவதற்கும் நார் மிகுந்த உலர்புல் எப்போதும் வேண்டும். ஆனால் இவ்விலங்கு புல்லைத் தின்னும் இடத்திலேயே சிறுநீரும் கழிக்கும். எனவே விரிப்பு ஈரத்தை வாங்க வேண்டும். புல்லோடு சேர்ந்து வாய்க்குள் போனாலும் தீங்கு செய்யக்கூடாது. பல காலகட்டங்களில் பயன்பட்ட பொருள்களுள் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றை நிறைவேற்றி, மற்றதில் தவறின.

ஆண்டீஸ் மலைப்பகுதி

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைவாழ் மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்விலங்கை இறைச்சிக்காக வளர்க்கத் தொடங்கினர். அங்கு இது கூண்டில் அடைபடாமல் வீட்டின் சமையலறையில் நடமாடியது. தின்று மிஞ்சிய தழையும் புல்லுமே அதன் படுக்கையாயின. தரையில் சேர்ந்த எச்சம் பெருக்கி எடுக்கப்பட்டு நிலத்துக்கு உரமாயிற்று. நடமாட இடம் இருந்ததால் ஈரம் ஓரிடத்தில் தேங்கவில்லை. விரிப்புக்கென்று தனிப்பொருளும் தேவைப்படவில்லை.

ஐரோப்பாவும் ஆய்வுக்கூடமும்

16ஆம் நூற்றாண்டில் இவ்விலங்கு ஐரோப்பாவை அடைந்தது. சுவிட்சர்லாந்தின் இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னர் 1554இல் இதைப் பற்றி எழுதினார். செல்லப்பிராணியாகப் பெட்டிகளில் வாழத் தொடங்கியதும் சிக்கல் உருவானது. சிறிய இடத்தில் தேங்கும் சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அம்மோனியா வெளிப்படும். தரையோடு ஒட்டி வாழும் இவ்விலங்கின் மூச்சுப்பாதையை அது அரிக்கும். ஈரத்தில் ஊறிய பாதங்களில் புண் உண்டாகும். வைக்கோல், மரத்தூள், இழைப்புளிச் சீவல் ஆகியவை இதற்குத் தீர்வாகப் பயன்பட்டன.

ராபர்ட் கோக் 1882இல் அறிவித்த காசநோய் ஆய்விலும், ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃபிரோலிக் ஆகியோர் 1907இல் வெளியிட்ட ஸ்கர்வி நோய் ஆய்விலும் கினிப் பன்றி இடம்பெற்றது. ஆய்வு விலங்குகளின் கூண்டுகளில் மரச்சீவல் நெடுங்காலம் பயன்பட்டது. அது வெறும் உறிஞ்சுபொருள், விலங்கின் உடலோடு தொடர்பற்றது என்றே கருதப்பட்டது.

1967ஆம் ஆண்டு ஆய்வு

அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் எலியட் வெசெல் 1967இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை இந்தக் கருத்தை மாற்றியது. சிவப்பு சிடார், பைன் ஆகிய மென்மரச் சீவல்களின் மேல் வளர்ந்த சுண்டெலிகள், எலிகளின் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் செயல்பாடு கூடியிருந்தது. பீச், பிர்ச், மேப்பிள் ஆகிய வன்மரச் சீவலுக்கு மாற்றியபோது அந்த மாற்றம் மறைந்தது. ஒரே மருந்துக்கு வெவ்வேறு ஆய்வுகளில் வெவ்வேறு முடிவுகள் வந்ததற்குப் படுக்கையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது இதனால் புலப்பட்டது. இவ்வாய்வு கினிப் பன்றிகளில் செய்யப்பட்டதன்று. ஆயினும் மணமுள்ள மென்மரச் சீவலைச் சிறு விலங்குகளுக்குத் தவிர்க்கவேண்டும் என்ற அறிவுரைக்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை.

ஃப்ளீஸ் துணி

அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் ஆலை 1979இல் உருவாக்கிய ஃப்ளீஸ் என்ற பாலியெஸ்டர் துணி, குளிராடைகளுக்குப் பின் செல்லப்பிராணிக் கூண்டுகளிலும் இடம்பிடித்தது. துவைத்து மீண்டும் பயன்படுத்தலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் ஃப்ளீஸ் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. அடியிலுள்ள அடுக்குக்குக் கடத்திவிடுகிறது. அடியில் துண்டு போன்ற உறிஞ்சும் துணி இல்லாவிட்டால் பயன் இல்லை. துணி மென்மையூட்டி சேர்த்துத் துவைத்தால் இழைகளில் படலம் படிந்து ஈரம் இறங்காது. உலர்புல் தட்டில் மற்றொரு குறையும் உண்டு: புல்துணுக்குகள் இத்துணியில் சிக்கிக்கொள்வதால் துவைப்பது கடினமாகிறது.

தேர்வு

இந்த வரலாற்றைக் கொண்டு தட்டுக்கான விரிப்பைத் தீர்மானிக்கலாம். டயாப்பர் வகை உறிஞ்சு தாள்கள் ஈரத்தை நன்கு வாங்கும். ஆனால் பிளாஸ்டிக் உறையும் உள்ளிருக்கும் பொருளும் கடித்து விழுங்கப்பட்டால் குடல் அடைபடலாம். பூனைகளுக்கான கட்டிபிடிக்கும் களிமண்ணும் அவ்வாறே ஆபத்தானது. மக்காச்சோளத் தக்கைத் துகள் ஈரத்தில் எளிதில் பூஞ்சை பிடிக்கும். காகிதக் குருணையோ காகிதத் துகளோ தட்டுக்கு ஏற்றது. அதன்மேல் தடிமனாக உலர்புல்லைப் பரப்பினால் மேற்பகுதி உலர்ந்திருக்கும். ஃப்ளீஸைக் கூண்டின் மற்ற பகுதிகளில் விரிக்கலாம்.

எந்தப் பொருளானாலும் நனைந்த பகுதியை நாள்தோறும் அகற்றவேண்டும். அம்மோனியா நெடி மனிதர் மூக்கில் படும் நேரத்தில், தரையோடு வாழும் விலங்கு அதை ஏற்கெனவே நெடுநேரம் சுவாசித்திருக்கும்.