வடிகாலைக் கண்டறிந்த நோயியலர்: டோன்ச்சோ கெர்யாஷ்கியின் சிறுநீரக ஆய்வுகள்

சிறுநீரக மாற்று அறுவையில் மூன்று இணைப்புகள் போடப்படுகின்றன. தானமாகக் கிடைத்த சிறுநீரகத்தின் தமனியையும் சிரையையும் பெறுபவரின் இடுப்புப் பகுதி இரத்தக் குழாய்களோடு தைக்கிறார்கள். சிறுநீர்க் குழாயைச் சிறுநீர்ப்பையில் பொருத்துகிறார்கள். கவ்விகளை எடுத்ததும் வெளிறிக் கிடந்த உறுப்பு சிவக்கிறது. பல வேளைகளில் அறுவை மேசையிலேயே சிறுநீர் சொட்டத் தொடங்கிவிடுகிறது. அந்த உறுப்பில் நான்காவதாக இன்னொரு குழாய்த் தொகுதியும் உண்டு. தானம் கொடுப்பவரின் உடலிலிருந்து சிறுநீரகத்தை எடுக்கும்போதே அது அறுபட்டுப் போகிறது. அதுதான் நிணநீர் நாளத் தொகுதி. அதை யாரும் திரும்ப இணைப்பதில்லை. இணைக்காமலே மாற்றுச் சிறுநீரகங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து வந்ததால், அறுந்த நாளங்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி நெடுங்காலம் ஓரமாகவே கிடந்தது.

அந்தக் கேள்விக்கு நுண்ணோக்கியின் அடியில் விடை தேடியவர் வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நோயியல் பேராசிரியராக இருந்த டோன்ச்சோ கெர்யாஷ்கி. இந்த ஆய்வு வியன்னாவில் நடந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. 1902இல் எமெரிக் உல்மான் என்ற அறுவை மருத்துவர் ஒரு நாயின் சிறுநீரகத்தை எடுத்து அதன் கழுத்துக் குழாய்களோடு இணைத்து, அது சிறுநீர் சுரப்பதை இதே நகரத்து மருத்துவர் சங்கத்தில் காட்டினார். அதற்குச் சற்று முன்புதான் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர், வியன்னாவின் நோயியல் உடற்கூற்றுக் கூடத்தில் இருந்தபடி, மனித இரத்த வகைகளைப் பிரித்துக் காட்டியிருந்தார். ஓர் உடலின் பாகத்தை மற்றோர் உடல் ஏற்குமா என்ற கேள்வி அந்த ஊருக்குப் பழையது.

கெர்யாஷ்கி நேராக நிணநீருக்கு வந்தவர் அல்லர். சிறுநீரகத்தின் வடிகட்டியில் தொடங்கி, அங்கு கிடைத்த ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நிணநீர் நாளங்களை வந்தடைந்தார். அந்த வழி முக்கியமானது.

நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் தந்துகிகள் சுருண்ட குளோமெருலஸ் என்ற முடிச்சு. இரு சிறுநீரகங்களுமாக நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அதில் ஒன்று, இரண்டு லிட்டர் மட்டுமே சிறுநீராகிறது. இவ்வளவு நீர் கடந்து போகும் சுவரில் இரத்தத்தின் அல்புமின் மட்டும் தங்கிவிடுவது எப்படி என்பதே சிறுநீரக நோயியலின் பெரும் புதிர். தந்துகிகளின் வெளிப்புறத்தைப் போடோசைட்டுகள் என்ற உயிரணுக்கள் பற்றிக்கொண்டிருக்கின்றன. அவை கிளைகிளையாகக் கால்களை நீட்டி, ஒன்றின் கால்களுக்கு இடையில் மற்றொன்றின் கால்களைக் கோத்து நிற்கும். சிறுநீரில் புரதம் ஒழுகும் பல நோய்களில் இந்தக் கால்கள் தட்டையாகி, இடைவெளிகள் மறைந்துவிடுவதை எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டுகிறது. முகமும் காலும் வீங்கிச் சிறுநீர் நுரைத்துப் போகும் குழந்தையின் பயாப்சியிலும் பல நேரங்களில் இதுவே காணப்படுகிறது.

1959இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வால்டர் ஹேமன் என்ற குழந்தை மருத்துவர், எலிகளுக்குச் சிறுநீரகத் திசுச் சாற்றை ஊசியாகப் போட்டு, சிறுநீரில் புரதம் ஒழுகி உடல் வீங்கும் மனிதரின் நெஃப்ராட்டிக் நோயை ஒத்த நிலையை உண்டாக்கினார். எலியின் உடல் தன் சிறுநீரகத்தின் எந்தப் பொருளுக்கு எதிராகக் கிளம்புகிறது என்பது இருபது ஆண்டுகளுக்கு மேல் தெளிவாகவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் மேரிலின் ஃபார்குவாரின் ஆய்வகத்தில் பணியாற்றிய கெர்யாஷ்கி, அவரோடு சேர்ந்து 1982இல் அந்தப் பொருளை அடையாளம் காட்டினார். ஜிபி330 என்று அப்போது பெயரிடப்பட்ட, பின்னர் மெகாலின் என வழங்கிய பெரும் புரதம் அது. அடுத்த ஆண்டே அது போடோசைட்டின் மேற்பரப்பிலும் இருப்பதை இருவரும் காட்டினார்கள். நோய் உண்டாக்கும் எதிர்ப்பொருள் வேறெங்கோ உருவான சேர்மமாக இரத்தத்தில் மிதந்துவந்து வடிகட்டியில் சிக்குகிறது என்ற பழைய கருத்து ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது. எதிர்ப்பொருள் வடிகட்டியில் உள்ள புரதத்தையே நேரடியாகப் பற்றுகிறது என்பது இத்துடன் உறுதிப்பட்டது.

இந்த எலி நோய்க்கு இணையான மனித நோயில் இலக்காவது மெகாலின் அன்று. அங்கே பெரும்பாலும் குற்றவாளி ஃபாஸ்ஃபோலிப்பேஸ் ஏ2 ஏற்பி என்பது 2009இல்தான் தெரியவந்தது. ஆனால் எங்கே தேடவேண்டும் என்பதைச் சொன்னது எலி. இதைக் கெர்யாஷ்கி, ஃபார்குவார் பணியின் குறையாக நான் கருதவில்லை. போடோசைட்டின் மேற்பரப்பைக் கூர்ந்து பார் என்று ஒரு தலைமுறை ஆய்வாளர்களுக்கு அவர்கள் இடம் காட்டிக் கொடுத்தார்கள்.

வியன்னாவில் அவர் அதே மேற்பரப்பைத் தொடர்ந்து ஆராய்ந்தார். பியூரோமைசின் வகைப் பொருளைச் செலுத்தினால் எலியின் போடோசைட்டுக் கால்கள் தட்டையாகிப் புரதம் ஒழுகும். அப்படித் தட்டையான உயிரணுக்களில் எந்தப் புரதம் குறைகிறது என்று தேடியபோது, 43 கிலோடால்டன் எடையுள்ள ஒரு சவ்வுப் புரதம் வெகுவாகக் குறைந்திருப்பது தெரிந்தது. 1997இல் வெளியான அந்தக் கட்டுரையில் அதற்குப் போடோபிளானின் என்று பெயர். குறைவு நோயின் காரணமா, விளைவா? 1999இல் அவருடைய குழு, போடோபிளானினைப் பற்றும் எதிர்ப்பொருளை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தது. கால்கள் விரைவாகத் தட்டையாயின. சிறிது காலம் சிறுநீரில் புரதமும் ஒழுகியது. போடோசைட்டின் வடிவத்தைக் காப்பதில் அந்தப் புரதத்துக்குப் பங்கு உண்டு என்பதற்கு அது நேரடிச் சான்று.

இதோடு நின்றிருந்தால் சிறுநீரக நோயியல் நூல்களில் ஒரு பத்தியாக அவர் பெயர் இருந்திருக்கும். ஆனால் அதே எதிர்ப்பொருள் உடலின் மற்றத் திசுக்களிலும் சில இடங்களைப் பற்றியது. நுரையீரல் காற்றறைகளின் மெல்லிய உயிரணுக்கள் அவற்றில் ஒன்று. நிணநீர் நாளங்களின் உட்சுவர் மற்றொன்று. அருகிலேயே ஓடும் இரத்தத் தந்துகிகளை அது தொடவில்லை.

இதன் அருமை நிணநீர் ஆய்வின் வரலாற்றை அறிந்தவர்களுக்குத்தான் முழுதாக விளங்கும். ஏரி நிறைந்தால் மிச்ச நீரைக் கலிங்கு வெளியேற்றுவதுபோல, தந்துகிகளிலிருந்து திசுக்களில் கசிந்து மிஞ்சும் நீரையும் புரதத்தையும் நிணநீர் நாளங்கள் ஏந்தி, மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன. வெள்ளணுக்கள் நிணநீர்க் கணுக்களுக்குப் போகும் பாதையும் அதுவே. 1622இல் காஸ்பரே அசெல்லி, உணவு உண்ட நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலில் வெண்மையாக நிறைந்திருந்த நாளங்களைக் கண்டார். கொழுப்பு நிறைந்திருந்ததால்தான் அவை கண்ணில் பட்டன. கண்ணாடித் தகட்டில் ஒட்டிய மெல்லிய திசுத் துண்டில் அந்த வசதி இல்லை. சுவர் ஒற்றை அடுக்கு. உள்ளே சிவப்பணுக்கள் இல்லை. அமுங்கிப் போனால் திசுவில் விழுந்த கீறலோடும் சிறு சிரையோடும் எளிதில் குழப்பிக்கொள்ளலாம். சிறுநீரகத்தில் இன்னும் சிரமம். அங்கே இந்த நாளங்கள் பெரும்பாலும் புறணியில் தமனிகளை ஒட்டி ஓடுகின்றன; குளோமெருலஸுக்குள் அவை இல்லை. எனவே பயாப்சி அறிக்கைகளில் குளோமெருலஸுக்கும் நுண்குழல்களுக்கும் இரத்தக் குழாய்களுக்கும் ஆளுக்கொரு பத்தி கிடைத்தது. நிணநீர் நாளத்துக்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை.

1990களின் பிற்பகுதியில் இந்த நிலை மாறியது. ஹெல்சிங்கியில் காரி அலிட்டாலோவின் குழு, நிணநீர் நாளங்களை வளர்க்கும் சமிக்ஞைகளையும் அவற்றின் ஏற்பியையும் கண்டறிந்து வந்தது. லைவ்-1, பிராக்ஸ்1 ஆகிய நிணநீர் நாள அடையாளங்கள் 1999இல் வெளிவந்தன. அதே ஆண்டு கெர்யாஷ்கியும் சகாக்களும், அலிட்டாலோவும் உடனெழுத்தாளராக, போடோபிளானினை நிணநீர் உட்சுவரின் அடையாளமாக நிறுவினார்கள். இன்று நோயியல் கூடங்களில் புற்றணுக்கள் நிணநீர் நாளத்துக்குள் நுழைந்துவிட்டனவா என்று பார்க்கப் பயன்படும் டி2-40 என்ற எதிர்ப்பொருள் வேறோர் ஆய்வில் உருவானது. அது பற்றுவதும் இதே போடோபிளானினைத்தான் என்பது பிற்பாடு தெரியவந்தது. சிறுநீரகத்தின் வடிகட்டியைப் புரிந்துகொள்ளத் தேடிய புரதம் இப்படிப் புற்றுநோய் அறிக்கைகளுக்கும் வந்து சேர்ந்தது.

அடையாளம் கையில் கிடைத்ததும் அவர் மீண்டும் சிறுநீரகத்துக்கே வந்தார். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும்போது அதற்குள் வெள்ளணுக்கள் திரள்கின்றன. மருந்து கொடுத்தால் குறைகின்றன. எந்த வழியாக வெளியேறுகின்றன? 2004இல் வெளியான ஆய்வில், மனித மாற்றுச் சிறுநீரகத் திசுக்களைப் போடோபிளானின் எதிர்ப்பொருளால் சாயமேற்றிப் பார்த்தார்கள். வெள்ளணுக்கள் முடிச்சு முடிச்சாகத் திரண்டிருந்த சிறுநீரகங்களில் நிணநீர் நாளங்களின் அடர்த்தி இயல்பைப்போல் 50 மடங்குக்கும் மேல் இருந்தது. அவை புதிதாக முளைத்தவை. பெருகும் உயிரணுக்களுக்கே உரிய கி-67 குறி அவற்றில் இருந்தது. முடிச்சுகளுக்குள் டி அணுக்கள், பி அணுக்கள், எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா வகை அணுக்கள், டென்ட்ரைட்டிக் அணுக்கள் என எதிர்ப்பாற்றலின் முழுப் படையும் கூடியிருந்தது. நாளங்களின் உட்சுவரோ, சிசிஎல்21 என்ற ஈர்ப்புப் பொருளைப் போடோபிளானினோடு சேர்த்து வெளியிட்டு, அதற்கான ஏற்பி உடைய அணுக்களைத் தன்பால் இழுத்துக்கொண்டிருந்தது.

என் மதிப்பீட்டில் அவருடைய பணிகளிலேயே மிகத் துணிவானது இதுதான். வெளியேறும் வழியைத் தேடியவர், அந்த வழியே எதிர்ப்பை ஊட்டி வளர்க்கும் களமாகவும் இருக்கலாம் என்று கண்டார். நிணநீர்க் கணுவில் நடக்கவேண்டியது சிறுநீரகத்துக்குள்ளேயே நடக்கிறது. அந்த இரு முகங்களையும் ஒரே கட்டுரையில் மறைக்காமல் வைத்தார். எது மேலோங்கும் என்று முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லவில்லை.

புதிய நாளங்களைக் கட்டும் உயிரணுக்கள் யாருடையவை என்பது அடுத்த கேள்வி. கொடுத்தவரும் பெற்றவரும் ஆணும் பெண்ணுமாக அமைந்த மாற்றுகளில் ஒய் குரோமோசோமைத் தேடினால் உயிரணுவின் பிறப்பிடம் தெரிந்துவிடும். போடோபிளானின் சாயம் ஏறிய சுவரில், ஒரு கருவுக்குள் ஒய் குரோமோசோமைக் குறிக்கும் சிறு புள்ளி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். 2006இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த இந்த ஆய்வு, பெற்றவரின் இரத்தத்தில் சுற்றிவந்த முன்னோடி உயிரணுக்களும், அனேகமாக மேக்ரோஃபேஜ் வடிவில் திசுவைக் கடந்து, தானமாக வந்த சிறுநீரகத்தின் புதிய நாளச் சுவரில் இடம்பிடிப்பதைக் காட்டியது. அழற்சி இல்லாத திசுக்களில் இது நடக்கவில்லை.

போடோபிளானினின் இன்னொரு வேலையையும் வியன்னாக் குழு உட்படப் பல குழுக்கள் 2010இல் விளக்கின. கருவில் நிணநீர்ப் பை சிரையிலிருந்து கிளைக்கும் இடத்தில், இரத்தத் தட்டணுக்கள் போடோபிளானினைப் பற்றித் திரண்டு இரு ஓட்டங்களையும் பிரிக்கின்றன. அந்தப் புரதம் இல்லாத சுண்டெலிக் கருவில் நிணநீர் நாளங்களுக்குள் இரத்தம் புகுந்துவிடுகிறது.

மாற்றுச் சிறுநீரகத்தில் முளைக்கும் நிணநீர் நாளங்கள் நன்மையா தீமையா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. 2007இல் ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து வந்த ஆய்வு, குறித்த கால இடைவெளியில் எடுத்த பயாப்சிகளை ஒப்பிட்டது. வெள்ளணுத் திரளின் நடுவே நிணநீர் நாளங்கள் இருந்த சிறுநீரகங்கள் ஓராண்டு முடிவில் மேலாக இயங்கின. வடிகால் இருந்த இடத்தில் அழற்சி வடிந்திருக்கலாம். வியன்னாவில் பார்த்தவை பெரிதும் நிராகரிக்கப்பட்ட திசுக்கள். ஹானோவரில் பார்த்தவை உடலோடு இயங்கிக்கொண்டிருந்தவை. இரண்டும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. நோயின் வெவ்வேறு கட்டங்களை அவை பார்த்திருக்கின்றன. மாற்றுச் சிறுநீரக பயாப்சிகளை உலகெங்கும் தரம் பிரிக்கப் பயன்படும் பான்ஃப் வகைப்பாட்டில் நிணநீர் நாளங்கள் ஓர் அளவுகோலாக இன்னும் இடம்பெறவில்லை. இடம்பெறும் நாளில், எத்தனை நாளங்கள் என்று எண்ணினால் மட்டும் போதாது. அவை எந்த வெள்ளணு முடிச்சை ஒட்டி நிற்கின்றன, வெளியே வடிகின்றனவா அல்லது அடைபட்டுத் தேங்குகின்றனவா என்பதையும் அறிக்கையில் எழுதவேண்டியிருக்கும்.