செல்ஃப் மோட்டாரும் கார் ஆர்வலர்களின் ஐயங்களும்

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் வண்டி கிளம்ப மறுத்தால் 'செல்ஃப் எடுக்கவில்லை' என்பார்கள். இந்தி பேசும் பட்டறைகளிலும் இதே சொல் வழங்குகிறது. 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்ற ஆங்கிலத் தொடரின் பின்பாதி உதிர்ந்து, முன்பாதி மட்டும் ஒரு பொருளின் பெயராக இந்திய மொழிகளில் நிலைத்துவிட்டது. தானாக இயங்குவது எது என்று கேட்டால், வரலாறு தரும் விடை சற்று வியப்பானது. பெட்ரோல் காரைக் கிளப்பும் அந்தச் 'செல்ஃப்' ஒரு மின்மோட்டார். அதற்கு உயிர் கொடுப்பது ஒரு மின்கலம்.

1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் பொருத்தப்படும்வரை, பெட்ரோல் கார் ஓட்டுபவர் வண்டிக்கு முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுழற்றியாக வேண்டும். எந்திரம் எதிர்த்திசையில் உதைத்தால் மணிக்கட்டு முறியும். அக்காலத்து மின்கார்களுக்கு இருந்த பெரிய நன்மைகளுள் ஒன்று, இந்த ஹேண்டில் அவற்றுக்குத் தேவைப்படாததே. பெட்ரோல் கார் ஒரு சிறு மின்மோட்டாரைத் தனக்குள் ஏற்றுக்கொண்டது; மின்காரின் சிறப்பு பறிபோயிற்று. இன்று மின்னூர்தியை ஐயத்தோடு நோக்கும் கார் ஆர்வலர் ஒவ்வொருவரும் தாம் நேசிக்கும் வண்டியை நாள்தோறும் மின்சாரத்தால்தான் எழுப்புகிறார்.

இதைச் சுட்டிக்காட்டி அவ்வையங்களை நகைத்து ஒதுக்குவது எளிது. அவ்வாறு ஒதுக்கத் தேவையில்லை. இந்தியக் கார் ஆர்வலர்கள் எழுப்பும் கேள்விகள் பலவகைப்பட்டவை. ஒரு மின்னேற்றத்துக்கு எவ்வளவு தூரம் ஓடும், எட்டு ஆண்டுகளுக்குப் பின் மின்கலம் என்ன ஆகும், நிலக்கரியில் எடுத்த மின்சாரத்தால் ஓடும் வண்டி எப்படித் தூயது, கியரும் கிளட்சும் எந்திர ஒலியும் இல்லாத வண்டியை ஓட்டுவதில் என்ன இன்பம், பழுதானால் யார் சரிசெய்வது என்பன அவற்றுள் முதன்மையானவை. இவற்றை ஒரே தட்டில் வைத்து எடைபோடுவதுதான் பொதுவிவாதத்தின் குறை. சில கேள்விகள் நூறாண்டுப் பழமையானவை, சில உணர்வு சார்ந்தவை; ஒன்று மட்டும் உண்மையில் உரிமை பற்றியது.

தூரம் பற்றிய ஐயத்தை முதலில் பார்க்கலாம். 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உற்பத்தியான 4,192 ஊர்திகளில் 1,681 நீராவியால் ஓடியவை, 1,575 மின்சாரத்தால் ஓடியவை; பெட்ரோல் வண்டிகள் 936 மட்டுமே. அதற்கு முந்தைய ஆண்டு, பெல்ஜிய நாட்டவரான காமில் ஷெனாட்சி பாரிசுக்கு அருகே மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியதும் மின்காரே. சாலையில் ஓடும் ஊர்தி ஒன்று நூறு கிலோமீட்டர் வேகத்தைக் கடந்தது அதுவே முதன்முறை. ஆயினும் நகரெல்லையைத் தாண்டினால் மின்னேற்ற இடம் இல்லை. மின்கலமோ கனமானது, விரைவில் தேய்வது. இக்குறைகள் மெய்யானவை. எடிசன் பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கிய நிக்கல்-இரும்பு மின்கலமும் அவற்றை முழுவதும் தீர்க்கவில்லை. தூரம் பற்றிய அச்சத்துக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் பிறந்தது 1990களின் பிற்பகுதியில். அச்சம் மட்டும் அச்சொல்லுக்கு நூறு வயது மூத்தது.

ஆனால் குறைபாடுகள் மட்டுமே வெற்றி தோல்வியைத் தீர்மானித்திருந்தால், 1900இன் பெட்ரோல் காரும் தோற்றிருக்க வேண்டும். அது புகைந்தது, நாறியது, வழியில் நின்றது, குதிரைகளை மிரளச் செய்தது. இங்கேதான் டச்சு வரலாற்றாசிரியர் கைஸ் மோம் முன்வைக்கும் கருத்து பயன்படுகிறது. அன்றைய பெட்ரோல் கார் பயணக்கருவி மட்டுமன்று, ஒரு சாகசக் கருவியும்கூட. அதன் நம்பகமின்மையே செல்வர்வீட்டு இளைஞர்களை ஈர்த்தது. அதன் இரைச்சலும் அதிர்வும், வழியில் இறங்கிக் கையில் கரியோடு பழுதுபார்க்கும் வாய்ப்பும் ஆண்மையின் அடையாளங்களாகப் போற்றப்பட்டன. மின்காரின் அமைதியோ பெண்களுக்குரியதென்று விளம்பரப்படுத்தப்பட்டது. மாடல் டி காரால் உலகை நிறைத்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா, 1914ஆம் ஆண்டு டெட்ராயிட் எலெக்ட்ரிக் காரைத்தான் ஓட்டினார்.

எந்திர ஒலியின்மேல் உள்ள காதல் இயற்கையானதன்று, வரலாற்றில் உருவாக்கப்பட்டது என்பதை இது காட்டுகிறது. எனினும் உருவாக்கப்பட்டது என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. தாய்மொழிப் பற்றும் அவ்வாறு உருவானதே. எந்திரத்தின் ஓசையைக் கேட்டே கியர் மாற்றும் வேளையை அறிவது, கிளட்ச் பிடிக்கும் புள்ளியைப் பாதத்தால் உணர்வது, வால்வு இடைவெளி கூடியதைக் காதால் கண்டுபிடிப்பது ஆகியவை எந்தக் கையேட்டிலும் முழுமையாக எழுதப்படாத அறிவு. சென்னையில் உருவாகும் புல்லட் மோட்டார் சைக்கிளின் பழைய வார்ப்பிரும்பு எந்திரம் கைவிடப்பட்டபோது, ஓசை மாறிவிட்டதென்று அதன் பற்றாளர்கள் வருந்தினர். அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் தன் எந்திர ஓசையையே வணிகக் குறியாகப் பதியுமாறு 1994இல் விண்ணப்பித்து, 2000இல் விலக்கிக்கொண்டது. இன்று ஐரோப்பாவில் மெதுவாகச் செல்லும் மின்கார் செயற்கையாக ஓசை எழுப்ப வேண்டுமெனச் சட்டமே இருக்கிறது. அது பாதசாரியின் பாதுகாப்புக்கான ஏற்பாடு. ஓட்டுபவரின் இழப்புக்கு ஈடன்று. இந்த இழப்பு மெய்யானதே. அதற்காக ஒரு நாட்டின் போக்குவரத்துக் கொள்கையை நிறுத்திவைக்க முடியாது என்பதும் மெய்.

நிலக்கரி பற்றிய வாதத்தை விரைவாகக் கடந்துவிடலாம். இந்தியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது என்பது உண்மை. அந்நிலையிலும் நடுத்தர மின்காரின் வாழ்நாள் உமிழ்வு அதற்கிணையான பெட்ரோல் காரினும் 19 முதல் 34 விழுக்காடு குறைவு எனத் தூயபோக்குவரத்துக்கான பன்னாட்டு ஆய்வு மன்றம் 2021இல் கணித்தது. கொண்டாட வேண்டிய அளவு பெரிதன்று, புறந்தள்ளும் அளவு சிறிதுமன்று. மேலும் பெட்ரோலின் கடந்தகாலம் அத்துணை தூய்மையானதா? மின் ஸ்டார்ட்டரைத் தந்த அதே கெட்டரிங்கின் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, எந்திரத்தின் 'நாக்கிங்' ஓசையை அடக்க 1921இல் ஈயச் சேர்மம் ஒன்றைக் கண்டறிந்தார். அது காற்றில் கலந்த நஞ்சு. இந்தியா ஈயம் கலந்த பெட்ரோலை 2000இல்தான் முற்றிலும் கைவிட்டது. உலகின் கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் கைவிட்டது.

எஞ்சியிருப்பது பழுதுபார்ப்பும் உடைமையும் பற்றிய ஐயம். இதுவே ஆழமானது.

மின்கார் முதன்முறை தோற்றதற்கு மின்கலத்தை மட்டும் குற்றஞ்சாட்டுவதை வரலாற்றாசிரியர் டேவிட் கிர்ஷ் மறுக்கிறார். நியூயார்க்கில் 1897 முதல் ஓடிய மின்வாடகை வண்டிகளுக்கு ஒரு மைய நிலையம் இருந்தது. தீர்ந்த மின்கலம் அங்கே பொறிகளின் உதவியால் சில நிமிடங்களில் மாற்றப்பட்டது. இன்று புதுமையெனப் பேசப்படும் மின்கல மாற்று முறை அன்றே நடைமுறையில் இருந்தது. அவ்வண்டிகளை நடத்திய எலெக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி காரை விற்பதைவிடப் பயணத்தை விற்பதையே பெரிதும் நம்பியது. வண்டியும் மின்கலமும் நிலையமும் கம்பெனியுடையவை. அத்தோடு நில்லாமல், 1899இல் பெட்ரோல் காருக்கான செல்டன் காப்புரிமையையும் அக்கம்பெனி கைப்பற்றி, மற்ற உற்பத்தியாளர்களிடம் உரிமத்தொகை கேட்கத் தொடங்கியது. மின்கார்க் கம்பெனி பெட்ரோல் கார் முழுமைக்கும் வரி வசூலிக்க முயன்ற விந்தை அது. 1907இல் கம்பெனி நொடித்தது. 1911இல் வழக்கு ஃபோர்டின் பக்கம் தீர்ந்தது.

ஃபோர்டின் மாடல் டி விற்றதோ வேறொன்று. சிற்றூர்க் கொல்லர் பழுதுபார்க்கக்கூடிய வண்டி அது; எரிபொருள் மளிகைக் கடையிலும் கிடைத்தது. எந்த நிலையத்தையும் சார்ந்திராமல் உழவர் ஒருவர் அதை வைத்திருக்க முடிந்தது. 1927க்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்றன. கார் ஆர்வலர் என்ற பண்பாட்டு மனிதர் பெருந்திரளாகப் பிறந்தது இந்தத் தற்சார்பிலிருந்துதான் எனலாம்.

இந்தியாவில் அந்தத் தற்சார்பு இன்னும் கூர்மையான வடிவம் பெற்றது. அம்பாசிடரும் பத்மினியும் சிறந்த கார்கள் என்று அவற்றின் பற்றாளர்கள்கூட வாதிடமாட்டார்கள். ஆனால் நெடுஞ்சாலையோரப் புளியமரத்தடி மெக்கானிக் ஒருவரால் அவற்றை மீண்டும் ஓடவைக்க முடிந்தது. அம்பாசிடரின் உற்பத்தி 2014 மே மாதம் உத்தர்பாடாவில் நின்றது. மும்பையில் கடைசிப் பத்மினி வாடகைக் கார் 2003 அக்டோபரில் பதிவாகி, இருபதாண்டு வயதுவரம்பு முடிந்து 2023 அக்டோபரில் சாலையை விட்டு விலகியது.

இந்திய மின்காரின் தொடக்கமும் இக்காலத்திலேயே நிகழ்ந்தது. 1993 தில்லி வாகனக் கண்காட்சியில் கேரளத்துச் சாலக்குடியைச் சேர்ந்த நிறுவனம் 'லவ்பேர்ட்' என்ற இருவர் அமரும் மின்காரைக் காட்டியது. சந்தையில் அது நிலைக்கவில்லை. 2001இல் பெங்களூரிலிருந்து ரேவா வந்தது. ஈய-அமில மின்கலத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடிய அந்தச் சிறுவண்டி லண்டனில் வேறு பெயரில் விற்றது. அங்குள்ள கார் ஆர்வலர்களின் ஏளனத்துக்கும் இலக்காயிற்று. மின்கார் என்றால் பொம்மைக் கார் என்ற எண்ணம் ஆர்வலர் உள்ளத்தில் பதிய இவ்வண்டிகளும் காரணம். அதன்பின் வந்த லித்தியம் மின்கலக் கார்கள் அவ்வெண்ணத்தைப் பெருமளவு மாற்றிவிட்டன.

இதற்கிடையில் பெட்ரோல் காரே மாறிவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கார்புரேட்டர் போய்க் கணினி வழி எரிபொருள் செலுத்தும் முறை வந்தது. மரத்தடி மெக்கானிக்கின் காதுக்குப் பதில் ஸ்கேனர் கருவி வந்தது. அதைத் திறக்கும் மென்பொருள் கார் நிறுவனத்திடம் இருந்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தனிப்பட்ட பட்டறைகளுக்குத் தர மறுத்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. அந்நாளில் இந்தியச் சாலைகளில் மின்கார்கள் எண்ணிக்கையளவில் இல்லாதவை போன்றே. எனவே பழுதுபார்க்கும் உரிமை பறிபோனதற்கு மின்சாரத்தைக் குற்றஞ்சாட்டுவது பொருந்தாது. பெட்ரோல் கார்க் காலத்திலேயே கதவு பூட்டப்பட்டுவிட்டது. பெட்ரோலின் சேர்மானமும் உரிமையாளரின் கையில் இல்லை. 20 விழுக்காடு எத்தனால் கலப்பு 2030இலிருந்து 2025க்கு முன்னிழுக்கப்பட்டபோது பழைய வண்டிகளை வைத்திருப்போர் அதை நேரில் உணர்ந்தனர்.

பழைய வண்டிகளின் நிலை வேறொரு வகையில் கடினமானது. தில்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாதென்ற பசுமைத் தீர்ப்பாய ஆணையை 2018இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. 2021இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி 50 ஆண்டு கடந்த வண்டியே தொன்மை வண்டியாகும். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த வண்டி எங்கே உயிர்வாழ்வது? 1990களின் கார் ஒன்று தொன்மையாவதற்கு முன்பே இரும்புக் கடைக்குப் போய்விடும். இந்த மனக்குறையை மின்னூர்தி எதிர்ப்பென்று பெயரிட்டுத் தள்ளுவது நேர்மையன்று.

உடைமை பற்றிய ஐயம் பெட்ரோல் பற்றாளர்களுக்கு மட்டும் உரியதுமன்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1996 முதல் 1999 வரை இ.வி.1 என்ற மின்காரை 1,117 எண்ணிக்கையில் உருவாக்கியது. அதை யாருக்கும் விற்கவில்லை. குத்தகைக்கு மட்டுமே தந்தது. ஓட்டியவர்களில் பலர் அதன்மேல் பெருங்காதல் கொண்டனர். குத்தகை முடிந்ததும் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. விலைக்குத் தரும்படி கேட்டவர்களுக்கு மறுப்பே கிடைத்தது. 2005இல் கலிஃபோர்னியாவின் பர்பேங்கில், கடைசிக் கார்கள் நிறுத்தப்பட்டிருந்த வளாகத்தின் வாயிலில் அவர்கள் இரவும் பகலும் காவலிருந்தனர். அவ்வண்டிகளும் நொறுக்கப்பட்டன. அருங்காட்சியகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வழங்கப்பட்ட சில கார்கள் மட்டும் எஞ்சின. அவற்றிலும் பெரும்பாலானவை ஓடமுடியாதபடி இயக்கப் பகுதிகள் செயலிழக்கச் செய்யப்பட்ட பிறகே கொடுக்கப்பட்டன.