அண்ணா சாலையும் அதன் அயற்குடியிருப்புகளும்: மனையமைப்பு வழி ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சென்னை அண்ணா சாலையின் வரலாறு பெரும்பாலும் அதன் வழியே செல்பவரின் பார்வையில் எழுதப்பட்டுள்ளது. கோட்டைப் பக்கமிருந்து கிண்டி நோக்கிச் செல்லும் ஒருவர் இருமருங்கிலும் காணும் கட்டடங்களின் வரிசையே அவ்வரலாற்றின் வரிசையாகவும் அமைந்துவிடுகிறது. எஸ். முத்தையாவின் நூல்கள் இவ்வகையில் தந்த தரவுகள் மிகுதி. அவற்றைத் தவிர்த்து இத்துறையில் எவரும் அடியெடுத்து வைக்க இயலாது. எனினும், சிந்தாதிரிப்பேட்டையில் குடியிருந்துகொண்டு திருவல்லிக்கேணிக்குச் செல்ல இச்சாலையைக் குறுக்கே கடப்பவருக்கு இதன் வரலாறு வேறாகத் தோன்றும். இங்குள்ள நெரிசலுக்கு வாகனப் பெருக்கத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். 18ஆம் நூற்றாண்டில் சாலையோர நிலம் பிரிக்கப்பட்ட முறையும் அதற்கு இணையான காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

தோட்ட வீடுகளும் பேட்டையும்

1726இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் தம் பொருட்செலவில் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது பாலம் கட்டினார். பரங்கிமலைத் தேவாலயத்திற்குச் செல்வோரின் வசதியே அவர் நோக்கம். பின்னர்ப் பரங்கிமலையில் படைத்தளம் அமைந்தபோது அதே வழி படைவழியும் ஆயிற்று. அடியார்க்கும் படைக்கும் இரு முனைகளே வேண்டியிருந்தன. இடைப்பட்ட நிலம் அவர்களுக்குப் பொருட்டன்று.

அந்த இடைநிலத்தில்தான் கும்பினி அதிகாரிகளும் வணிகர்களும் தோட்ட வீடுகளை எழுப்பினர். ஆளுநரின் தோட்ட மாளிகை 1753இல் மதெய்ரோஸ் குடும்பத்தினரிடமிருந்து வாங்கப்பட்டது. கோல்டிங்காம் வடிவமைத்து 1802இல் நிறைவுற்ற விருந்து மண்டபம், இன்றைய ராஜாஜி மண்டபம், அவ்வளாகத்தினுள் நிற்கிறது. தோட்டங்கள் பரந்தவை, அவற்றை ஊடறுத்துத் தெரு அமைக்கும் தேவை உரிமையாளர்க்கு இல்லை. தோட்ட எல்லைகளை ஒட்டி அமைந்த பாதைகளே பிற்காலத்தில் துரைமார் பெயர் தாங்கிய சாலைகளாயின.

இதற்கு நேர்மாறானது, 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்க்கென உருவாக்கப்பட்ட சிந்தாதிரிப்பேட்டை. குறுகிய மனைகள், நெருங்கிய தெருக்கள், வீட்டிலேயே தறி என அமைந்த ஊர் அது. சில நிமிட நடைத்தொலைவில் இருவேறு நிலப்பிரிவுகள் இன்றளவும் எதிரெதிராக நிற்கின்றன.

பரந்த மனைகள் சிதையாமல் கைமாறியதே அண்ணா சாலையின் தனித்தன்மை. கிளப் ஹவுஸ் சாலையில் மெட்ராஸ் கிளப் இருந்த வளாகம், நாடு விடுதலை பெற்றபின் எக்ஸ்பிரஸ் நாளிதழ்க் குழுமத்தின் இடமாயிற்று. 2010இல் வணிக வளாகமாயிற்று. உரிமையாளர் மாறினர், பயன் மாறியது, மனை மாறவில்லை. ஒரு குடும்பமும் அதன் பணியாட்களும் வாழ்ந்த அளவிலான நிலத்திற்கு இன்று ஆயிரக்கணக்கானோர் வந்து செல்கின்றனர். வாயில்கள் மட்டும் சிலவே. வாகனம் ஓட்டுவோர் இச்சாலையில் தேங்கி நிற்கும் இடங்களைக் குறித்துப் பார்த்தால், அவற்றுட் பல இத்தகைய வாயில்களுக்கும் பழைய தோட்ட எல்லைச் சந்திப்புகளுக்கும் அருகில் இருப்பது புலப்படும். 1973இல் ஜெமினி மேம்பாலமும் 2008இல் கத்திப்பாரா மேம்பாலமும் நேர்வழிச் செல்வோர்க்கு விரைவு தந்தன. குறுக்கே செல்பவருக்கு அண்ணா சிலை அருகிலுள்ளது போன்ற சுரங்கப்பாதைகளே கிட்டின. முழங்கால் வலியுள்ள முதியோர் அப்படிகளில் இறங்கி ஏறுவதை ஒருமுறை பார்த்தவர் இதனை மிகைக்கூற்றெனக் கொள்ளார்.

இக்கருத்துக்கு ஓர் எல்லையுண்டு. சிந்தாதிரிப்பேட்டையை மூன்று புறமும் கூவம் சூழ்ந்துள்ளது. அதன் ஒதுக்கத்திற்கு ஆற்றின் பங்கைக் கழித்துவிட்டுத் தோட்டங்களை மட்டும் காரணமாக்குதல் பொருந்தாது.

வண்டியும் வாழ்வும்

அயற்குடியினர் இச்சாலையால் இழந்தவர் மட்டும் அல்லர். 1840இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டி கட்டும் தொழிலிலிருந்து மோட்டார்த் தொழிலுக்கு மாறியது. 1903இல் நீராவிக் கார் ஒன்றையும் உருவாக்கியது. சாலைமுகப்பின் பெருமனைகளில் கார் விற்பனைக் கூடங்கள் அமைந்தன. பின்புறத்தில், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வண்டி உபரிப்பொருட் கடைகளும், கூவத்துக்கு அப்பால் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் சந்தையும் தழைத்தன. முகப்பில் புதிதாக விற்கப்பட்ட வண்டி, ஆயுள் முடிந்து சில தெருக்கள் தள்ளிப் பிரிக்கப்படுகிறது. இவ்விரண்டையும் ஒரே பொருளியல் அமைப்பாகக் கொண்டு ஆராய்தல் வேண்டும். புதுப்பேட்டைத் தொழிலாளரின் வாய்மொழி வரலாறு இதற்கு இன்றியமையாதது. அத்தலைமுறையினர் முதுமை எய்தி வருவதால் காலம் தாழ்த்தலாகாது.

கட்டடப் பட்டியல்களைக் கடந்து, பழைய நில அளவைப் படங்களையும் மனைப் பதிவேடுகளையும் இன்றைய சாலை அமைப்போடு ஒப்பிடுவதே அடுத்த பணி. அதற்கான சான்று பெயர்களிலும் உண்டு. 2019இல் இச்சாலையின் இப்பகுதிக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது, தோட்டம் என்று சொல்ல ஏதும் புலப்படாத அவ்விடத்து நிலையத்திற்கு வழங்கப்பட்ட பெயர் 'அரசினர் தோட்டம்'.