காய்ச்சலின் பெயரும் குருதிச் சோதனையும்: மும்பைத் தமிழர் பேச்சு வழக்கை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நோய்க்குப் பெயரிடுதல் மருத்துவரின் செயலாகத் தோன்றினும், நெடுங்காலம் அது நோயுற்றோர் சொல்லை ஒட்டியே நடைபெற்று வந்துள்ளது. நடுக்கத்தோடு வந்தது குளிர்காய்ச்சல் எனப்பட்டது. முறை வைத்து வந்தது முறைக்காய்ச்சல் எனப்பட்டது. இன்னதென்று விளங்காதது விஷக்காய்ச்சலாயிற்று. இன்றைய நாளிதழ்களில் பயிலும் 'மர்மக் காய்ச்சல்' என்னும் தொடரும் இவ்வகையினதே. சோதனை முடிவு வரும்வரை நோய்க்கு இடப்படும் தற்காலிகப் பெயர் அது. குருதிச் சோதனை பரவிய பின்னர்ப் பெயரிடும் உரிமை உடம்பின் குறிகளிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு மாறியது. எனினும் நோயாளியின் சொல் பயனற்றுப் போய்விடவில்லை. டெங்குக் காய்ச்சலின் வரலாற்றையும் மும்பைத் தமிழரின் வழக்கையும் சேர்த்து நோக்கினால், அச்சொல் சோதனையின் ஒரு பகுதியாகவே நீடிப்பது புலனாகும்.

பெயரின் பயணம்

1779ஆம் ஆண்டில் படேவியாவில் பரவிய காய்ச்சலை டச்சுக்காரர் மூட்டுக்காய்ச்சல் என்னும் பொருள்படும் பெயரால் குறித்தனர். 1780இல் பிலடெல்பியாவில் பரவிய காய்ச்சலைப் பெஞ்சமின் ரஷ் விவரித்தார். எலும்பு முறியும் காய்ச்சல் என்ற பெயர் அவர் எழுத்தின் வழியாகப் பரவிற்று. 'டெங்கு' என்னும் சொல் 1827-28இல் கரீபியத் தீவுகளில் நோய் பரவியபோது வழக்கூன்றியது. ஸ்பானிய மொழியில் இச்சொல்லுக்குப் பாசாங்கு, பிகு என்னும் பொருள்கள் உண்டு. வலியால் விறைத்து நடப்போரின் நடை பிகு செய்வோரின் நடையை ஒத்திருந்தமையால் இப்பெயர் வந்தது என்பர் ஒரு சாரார். கிழக்காப்பிரிக்கச் சுவாகிலி மொழியின் 'கிடிங்கா பெப்போ' என்னும் தொடரே கடல் கடந்து சென்று ஸ்பானியச் சொல்லோடு மயங்கியது என்பர் மற்றொரு சாரார். அத்தொடர், தீய ஆவியால் திடீரெனத் தோன்றும் வலிப்பைச் சுட்டுவதாகக் கூறப்படுகிறது. எக்கருத்தைக் கொள்ளினும், பெயருக்கு அடிப்படை உடம்பின் தோற்றமே என்பது தெளிவு.

தோற்றத்தை மட்டும் நம்பியதால் விளைந்த குழப்பமும் உண்டு. 1870இல் சான்சிபாரில் தோன்றிய கொள்ளைக்காய்ச்சல் ஏடன் வழியாக இந்தியத் துறைமுகங்களை அடைந்தது. அக்காலத்தார் அதனை டெங்கு என்றே எழுதிவைத்தனர். ஆனால் அது சிக்குன்குனியாவாக இருந்திருக்கலாம் என்று 1971இல் டி. ஈ. கேரி வாதிட்டார். மூட்டுவலி மிகுந்திருந்தமையும் அது நெடுநாள் நீடித்தமையும் அவர் காட்டிய காரணங்களுள் அடங்கும். ஆயின் டெங்கு என்னும் பெயர் முதலில் உரித்தாக இருந்தது பிறிதொரு நோய்க்கு என்றாகிறது.

சிக்குன்குனியா தனியொரு நோயாக அறியப்பட்டது 1952-53இல், இன்றைய தான்சானியாவின் மக்கொண்டே மேட்டுநிலத்தில். மக்கொண்டே மொழியில் அப்பெயர் உடம்பை வளைப்பது என்னும் பொருளது. இந்நோய் 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னை, வேலூர்ப் பகுதிகளிலும் பரவியது. 2005-06இல் அது மீண்டும் பெருகியபோது, தமிழ் மக்கள் அப்பெயரைச் 'சிக்கன்குனியா' ஆக்கிக்கொண்டனர். கோழி இறைச்சி என்னும் பொருள் அதில் வந்து ஏறியது. 'குனிய' என்னும் தமிழ் வினை மக்கொண்டேச் சொல்லின் பொருளோடு ஒத்துப்போனது தற்செயல் நிகழ்ச்சியாயினும், அப்பெயர் தமிழில் எளிதில் நிலைபெற அதுவும் துணைசெய்திருக்கக் கூடும்.

பயணிகளும் சோதனையும்

டெங்கு வைரசைக் கண்டறிந்த வரலாறு பயணத்தோடு பிணைந்தது. இரண்டாம் உலகப்போரின்போது தென்கடற் பகுதிகளிலிருந்து திரும்பிய கப்பல்களின் வழியாக ஜப்பானியத் துறைமுக நகரங்களில் நோய் பரவியது. 1943இல் நாகசாகியில் கிமுரா, ஹொட்டா ஆகியோர் வைரசைப் பிரித்தெடுத்தனர். 1944இல் ஆல்பர்ட் சாபின், கல்கத்தா, நியூகினி, ஹவாய் ஆகிய இடங்களில் நோயுற்ற அமெரிக்கப் படைவீரர்களின் குருதியிலிருந்து அதனைப் பெற்றார். இந்நோய்க்காக முதன்முதல் ஆய்வுக்கூடச் சோதனைக்கு உள்ளான குருதிகளுள் வெப்பநாடுகளுக்குச் சென்ற அயலாரின் குருதியும் அடங்கும் என்பது குறிக்கத்தக்கது.

பயணியைச் சோதிக்கும் வழக்கம் மும்பைக்குப் புதியதன்று. 1896இல் அந்நகரில் பிளேக் நோய் கண்டது. 1897 பெப்ரவரியில் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டம், இரயிலிலும் பிற வழிகளிலும் பயணம் செய்வோரைச் சோதிக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. அன்று குருதி எடுக்கப்படவில்லை. அக்குளிலும் கழுத்திலும் நெறி கட்டியுள்ளதா என்று தடவிப் பார்த்தனர். உடம்பே சான்றாக நின்ற சோதனை அது. பயணி வாய்திறந்து சொல்ல வேண்டியது குறைவு. டெங்குச் சோதனையில் நிலைமை வேறு. என்ன வலி, எந்த ஊரிலிருந்து வந்தவர், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே எச்சோதனை தேவை என்பது முடிவாகும்.

மேல், ஊர், நாள்

மும்பைத் தமிழருள் பல வழக்குகள் உள. தாராவித் தமிழருள் கணிசமானோரின் முன்னோர் திருநெல்வேலிப் பகுதியினர். தோல் பதனிடும் தொழிலை ஒட்டிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் அங்குக் குடியேறியவர்கள் அவருள் அடங்குவர். மாட்டுங்காவில் தஞ்சை, பாலக்காட்டுக் குடும்பங்கள் மிகுதி. செம்பூரில் இவ்விரு சாராரும் பிறரும் கலந்து வாழ்கின்றனர். முன்னவர் 'காய்ச்சல்' என்பதைப் பின்னவர் 'ஜுரம்' என்பது எளிய வேறுபாடு. பொருள் மயக்கம் தரும் வேறுபாடுகள் வேறு சில உள.

முதலாவது 'மேல்' என்னும் சொல். தென்பாண்டி வழக்கில் அது உடம்பைக் குறிக்கும். 'மேலுக்குச் சுகமில்லை' என்பது நலமின்மை. 'மேல்வலி' என்பது உடம்புவலி. இவ்வழக்கை அறியாதவர் இதனை மேற்பகுதியில் வலி என்று கொள்ளலாம். உடம்பெங்கும் வலி, கண்ணின் பின்புறம் வலி என்பவை டெங்குவை ஐயுறச் செய்யும் குறிகளாதலின், இம்மொழிபெயர்ப்பு பிழைத்தால் ஐயமே எழாது போகக்கூடும்.

இரண்டாவது 'ஊர்'. மும்பைத் தமிழர் 'ஊருக்குப் போய் வந்தேன்' என்றால் பிறந்த மண்ணுக்குச் சென்று திரும்பியதாகப் பொருள். 'எந்த ஊர்?' என்னும் வினாவுக்குத் தாராவியிலேயே பிறந்தவரும் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைக் கூறுவதுண்டு. கொசு கடித்த பின்னர்ப் பெரும்பாலும் 4 முதல் 10 நாள்களுக்குள் காய்ச்சல் தோன்றுவதால், தொற்றிய இடமும் சோதித்த இடமும் வேறாக இருத்தல் கூடும். 2012இல் திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு கடுமையாகப் பரவியது. அத்தகைய காலத்தில் 'ஊர்' என்பது பூர்விகத்தையா, உறைவிடத்தையா, அண்மையில் சென்று வந்த இடத்தையா குறிக்கிறது என்பது பிரித்தறியப்பட வேண்டும். கொசுவொழிப்புப் பணியாளர் எங்குச் செல்ல வேண்டும் என்பதை அவ்விடையே முடிவுசெய்கிறது.

மூன்றாவது 'நாள்'. காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாள்களில் என்.எஸ்.1 என்னும் வைரசுப் புரதத்தைத் தேடும் சோதனை பயன்தரும். அதன் பின்னர் ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை ஏற்றது. இரண்டிலும் எலிசா முறையே உறுதிப்படுத்தத் தக்கதாக இந்திய நோய்த்தடுப்புத் திட்டத்தில் கொள்ளப்படுகிறது, ஐ.ஜி.எம். சோதனைக்குரிய பொருள்களைப் புனேயிலுள்ள தேசிய வைரசு ஆய்வு நிறுவனம் தயாரிக்கிறது. இங்கு நாட்கணக்கே சோதனையைத் தெரிவு செய்கிறது. தமிழில் 'காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள்' என்பது தொடங்கிய நாளையும் சேர்த்து எண்ணுவது. தமிழில் நேற்றும் நாளையும் தனித்தனிச் சொற்கள். இந்தியில் 'கல்' என்னும் ஒரே சொல் இவ்விரண்டையும் குறிக்கும். மராத்தியில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உண்டெனினும், 'பர்வா' என்பது முந்தாநாளையும் நாளை மறுநாளையும் ஒருங்கே சுட்டும். வினைமுற்றின் காலம் பொருளைத் தெளிவாக்கும் என்பது உண்மையே. ஆனால் காய்ச்சலில் தளர்ந்தவர், தமக்குப் பழகாத மொழியில், வினைமுற்றில்லாத ஒற்றைச் சொல்லால் விடையிறுக்கும்போது அத்துணை கிட்டுவதில்லை. நாளைச் சொல்லால் கேட்பதினும் கிழமையால் கேட்பது இவ்வகையில் பாதுகாப்பானது.

இல்லையும் தென்படவில்லையும்

சோதனை முடிவைத் தமிழாக்குவதிலும் இடர்ப்பாடு உண்டு. 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்பவற்றுக்கு 'நேர்மறை', 'எதிர்மறை' என்பன எழுத்து வழக்கில் பயில்கின்றன. எதிர்மறை என்பது இலக்கணத்தில் மறுத்தற்பொருளது. அது படிப்போரை நோய் இல்லை என்ற முடிவுக்கு இட்டுச்செல்கிறது. ஆய்வுக்கூடம் சொல்வதோ அம்மாதிரியில், அந்நாளில், தேடிய பொருள் தென்படவில்லை என்பது மட்டுமே. இரண்டாம் நாளில் செய்த ஐ.ஜி.எம். சோதனை எதிர்மறையாக அமைவதில் வியப்பில்லை. 'தொற்று இல்லை' என்பதினும் 'இச்சோதனையில் தொற்று தென்படவில்லை' என்னும் தொடர் நீண்டதாயினும் உண்மைக்கு நெருக்கமானது.

ஈழத்தமிழில் கொசு 'நுளம்பு' எனவும், இரத்தம் பெரும்பாலும் 'குருதி' எனவும் எழுதப்படுகின்றன. 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு ஐயத்துக்குரியோராகப் பதிவாயினர். இரு நாட்டுக்கும் பொதுவான அறிவிப்பு எழுதுவோர் ஒரு நாட்டு வழக்கை மட்டும் கொண்டமைவது பொருந்தாது.

முடிவுரை

இவற்றுள் மிகுந்த கவனத்திற்குரியது, எல்லாத் தமிழருக்கும் பொதுவானதொரு தொடர். 'காய்ச்சல் விட்டது' என்றால் குணமாயிற்று என்றே தமிழர் கொள்வர். டெங்குவில் காய்ச்சல் தணியும் நேரமே சிலருக்கு இடர் தொடங்கும் நேரம். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் குருதிக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து, அதிர்ச்சி நிலை ஏற்படலாம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் குருதிக் கசிவு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனையை அடைய வேண்டும். 'காய்ச்சல் விட்டபின் வீட்டுக்கு அனுப்பலாம்' என்று மொழிபெயர்ப்பாளர் எழுதும் ஒரு வரி மருத்துவ நோக்கில் முழுமையற்றது. 'காய்ச்சல் விட்ட பின்னும் இரண்டு நாள் கண்காணிக்க' என்று சேர்த்தெழுதினால், வழக்குச் சொல்லைக் கைவிடாமலே அதன் பொருளைத் திருத்தியதாகும். டெங்கு என்னும் பெயர் பிற மொழிகளிலிருந்து வந்தது. சோதனை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. நோயாளிக்கும் அவற்றுக்கும் இடையே நிற்கும் சொற்கள் தமிழ்ச் சொற்களாதலின், அவற்றின் வட்டார வழக்குகளைத் தொகுத்தல் அகராதிப் பணி மட்டுமன்று; அது மருத்துவப் பணியின் ஒரு கூறும் ஆகும்.