மருத்துவமனைக் கழிவும் மலையெல்லையும்



மேற்குத் தொடர்ச்சி மலை தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே நெடுஞ்சுவராக நிற்கிறது. அச்சுவர் பாலக்காட்டில் மட்டும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடுகிறது. இக்கணவாய் வழியே காற்று வந்தது, வணிகம் வந்தது. பண்டைக் காலத்தில் மேலைக்கடற்கரையில் இறங்கிய ரோமானியப் பொற்காசுகள் கொங்கு நாட்டுக்கு இவ்வழியேதான் ஏறி வந்தன. தமிழகத்திலிருந்து நெசவாளரும், வேளாளரும், வேதியரும் இதே வழியில் சென்று பாலக்காட்டில் குடியமர்ந்தனர். தெற்கே இடுக்கி மலைகளில் குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு என்ற வாயில்கள் வழியே ஏறிச் சென்ற தமிழ்த் தொழிலாளர் தேயிலையையும் ஏலத்தையும் வளர்த்தனர்.

இவ்வாயில்களைக் கடந்து அண்மைக் காலத்தில் வேறொரு சுமையும் வரத் தொடங்கியது. இரவு நேரத்தில், காய்கறிக்கோ கோழித் தீவனத்துக்கோ உரிய வண்டி போலத் தோன்றி, ஊரின் ஒதுக்குப்புறத்திலே கொட்டிவிட்டுச் செல்லப்படும் சுமை அது. பயன்படுத்திய ஊசிகள், குருதி தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, சலைன் குழாய்கள், காலாவதியான மருந்துகள் ஆகியவை அதில் இருக்கும். இவற்றையே மருத்துவக் கழிவு என்கிறோம். நோயாளியைப் பிழைக்கவைக்கப் பயன்பட்ட பொருள் நோயில்லாதவனுக்கு எவ்வாறு இடராகிறது, அவ்விடர் மருத்துவமனையின் மதிலைத் தாண்டி மாநில எல்லை வரை எவ்வாறு வந்தது என்னும் வரலாற்றை இன்று ஆராய்வோம்.

மருத்துவமனையே நோய் பரவும் இடமாகக் கூடும் என்பதை உலகம் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் 1847-ஆம் ஆண்டு இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் ஒரு வேறுபாட்டைக் கண்டார். அங்கு மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. மருத்துவ மாணவர் பணியாற்றிய பிரிவில், பிரசவித்த பெண்கள் காய்ச்சல் கண்டு மிகுதியாக மாண்டனர். மருத்துவச்சிகள் பணியாற்றிய பிரிவில் அவ்வாறில்லை. பிணங்களை அறுத்துப் பயின்ற கையோடு மாணவர் பேறு பார்க்க வந்ததே காரணம் என்று அவர் துணிந்தார். குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே உள்ளே வர வேண்டும் என விதித்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. எனினும் அவர் சொல்லைச் சக மருத்துவருள் பலர் ஏற்கவில்லை. தம் கைகளே மரணத்தைச் சுமந்தன என்று கேட்க யாருக்குத்தான் மனம் வரும்? அவர் 1865-இல் மனநோய் விடுதியொன்றில் இறந்தார். 1867-இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்களையும் கருவிகளையும் தூய்மை செய்யும் முறையை வெளியிட்டார். அதன் பின்னரே செம்மல்வைஸின் கருத்து மெல்லமெல்ல நிலைபெற்றது.

அதற்கடுத்த நூறாண்டு கொதிநீரின் காலம் எனலாம். கண்ணாடி ஊசிக்குழலும் எஃகு ஊசியும் பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்த காட்சி நம் முதியோர் பலர் நினைவில் இருக்கும். ஒரே குழல் பலருக்கும் பயன்பட்டமையால் கழிவு மிகக் குறைவாகவே இருந்தது. ஆனால் கொதிக்கவைப்பதில் அவசரமோ அலட்சியமோ நேர்ந்தால், ஒருவர் குருதியில் இருந்த நோய் மற்றொருவருக்குச் சென்றது.

1986-ஆம் ஆண்டு இந்நிலை மாறத் தொடங்கியது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அவ்வாண்டிலேதான். அதுவும் நம் சென்னையிலேதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் செய்த ஆய்வு அதை வெளிப்படுத்தியது. ஊசி என்ற சொல்லே மக்களை அஞ்சவைத்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் ஊசிக்குழல் படிப்படியாக எங்கும் பரவியது. ஒரு நோயாளியிடமிருந்து மற்றொரு நோயாளியைக் காத்தது இம்மாற்றம். ஆனால் எறிவது என்றால் எங்கே எறிவது என்னும் வினாவுக்கு அன்று விடை ஆயத்தமாக இல்லை. குப்பைத்தொட்டி, காயலான் கடை, ஆற்றங்கரை ஆகியவையே விடையாயின.

காயலான் கடையிலிருந்து அதே ஊசிக்குழல் கழுவப்பட்டு மீண்டும் சந்தைக்கு வருவதும் உண்டு. குஜராத்தின் மோடாசா வட்டாரத்தில் 2009-ஆம் ஆண்டு மஞ்சட்காமாலை பரவிப் பலர் மாண்டனர். ஹெப்படைடிஸ் பி கிருமி கலந்த ஊசிகள் மறுபடியும் பயன்படுத்தப்பட்டதே காரணம் என்பது தெரியவந்தது. எறிந்த பொருள் திரும்பி வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இவ்விடர் எவ்வளவு பெரிது? மருத்துவமனைக் கழிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பங்கு வீட்டுக் குப்பையைப் போன்றதே. காகிதம், உணவு மிச்சம், அட்டைப்பெட்டி முதலியன. எஞ்சிய 15 பங்கே தீங்கு விளைப்பது. இது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆனால் குருதி தோய்ந்த பஞ்சை அட்டைப்பெட்டியோடு ஒரே கூடையில் போட்டால் நூறு பங்கும் நஞ்சாகிவிடும். ஆகவே இவ்விஷயத்தின் உயிர்நாடி பிரித்தல் என்ற ஒரே சொல்லில் அடங்கியிருக்கிறது. கழிவு பிறக்கும் இடத்திலேயே, நோயாளியின் கட்டிலருகிலேயே அதைப் பிரித்தாக வேண்டும். கலந்த பின் பிரிக்கப் புகும் கைக்கு ஊசி குத்தும்.

அந்த ஊசிக்குத்து அற்பமானதன்று. தடுப்பூசி போடாத ஒருவருக்கு, நோயாளியின் குருதி படிந்த ஊசி குத்தினால், ஹெப்படைடிஸ் பி தொற்ற நூற்றுக்கு முப்பது வரை வாய்ப்புண்டு. ஹெப்படைடிஸ் சி-க்கு நூற்றுக்கு மூன்றளவும், எச்.ஐ.வி.-க்கு ஆயிரத்துக்கு மூன்றளவும் வாய்ப்பு என மருத்துவ நூல்கள் கூறும். ஹெப்படைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த குருதியிலும், ஒரு வாரம் உயிர்த்திருக்க வல்லது. 2000-ஆம் ஆண்டில் மட்டும் தூய்மையற்ற ஊசிகளால் உலகில் 2 கோடியே 10 லட்சம் பேருக்கு ஹெப்படைடிஸ் பி தொற்றியது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

நம் நாட்டில் சட்டம் பிறந்தது இப்பின்னணியில்தான். தில்லி நகரின் குப்பையைக் குறித்த வழக்கொன்றில், ஐம்பது படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் எரி உலையோ அதற்கொத்த வேறு வசதியோ அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் ஆணையிட்டது. 1998 ஜூலையில் மருத்துவக் கழிவு விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கு மாற்றாக 2016 மார்ச்சில் விரிவான புதிய விதிகள் வெளியாயின. உடலுறுப்பும் குருதி தோய்ந்த பொருளும் மஞ்சள் பைக்கு. பிளாஸ்டிக் குழாய்கள் சிவப்புப் பைக்கு. ஊசியும் கத்தியும் துளைபடாத வெள்ளைக் கலத்துக்கு. கண்ணாடி நீலப் பெட்டிக்கு. மஞ்சள் பையில் உள்ளவை பெரும்பாலும் எரி உலையில் சாம்பலாக வேண்டும். உலையின் இரண்டாம் அறையில் 1050 பாகை செல்சியஸ் வெப்பம் நிலவ வேண்டும். சிவப்புப் பையில் உள்ளவற்றை ஆட்டோகிளேவ் எனும் நீராவிக் கலத்தில் வேகவைத்துக் கிருமி நீக்கியபின் துண்டாக்க வேண்டும். பதப்படுத்தாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருத்தல் கூடாது.

இனி நம் எல்லைக்கு வருவோம். சிறு மருத்துவமனை ஒவ்வொன்றும் தனக்கென உலை கட்ட இயலாது. ஆகவே பல மருத்துவமனைகளுக்கும் சேர்த்துப் பொதுநிலையம் அமைப்பது விதிகள் வகுத்த வழி. கேரளத்தில் இந்திய மருத்துவச் சங்கத்தின் மாநிலக் கிளை, 'இமேஜ்' என்னும் திட்டத்தின் பெயரால், பாலக்காட்டு மாவட்டத்தில் மலம்புழைப் பகுதியில் அத்தகைய நிலையத்தை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவியது. மருத்துவர்களே முன்வந்து இப்பொறுப்பை ஏற்றது பாராட்டத்தக்கது. ஆனால் நெடுங்காலம் மாநிலம் முழுமைக்கும் அந்நிலையம் ஒன்றே இருந்தது. திருவனந்தபுரத்துக் கழிவு 300 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து பாலக்காட்டுக்கு வர வேண்டியிருந்தது. பொதுநிலையம் 75 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் பணிபுரிய வேண்டும். படுக்கைகள் போதாத இடத்தில் 150 கிலோமீட்டர் வரை நீளலாம் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல். தூரம் மிகுந்தால் செலவு மிகும். செலவு மிகுந்தால் குறுக்குவழி தேடும் ஆசையும் மிகும். பின்னர் எறணாகுளத்தை அடுத்த அம்பலமேட்டில் மற்றொரு நிலையம் ஏற்பட்டது.

குறுக்குவழி பெரும்பாலும் 'சாதாரணக் குப்பை' என்ற பெயரிலே திறக்கிறது. மருத்துவமனையின் பொதுக் குப்பையை ஒப்பந்தக்காரர் எடுத்துச் செல்கிறார். அதிலே பிரிக்கப்படாத ஊசியும் பஞ்சும் கலந்துவிட்டால், எல்லைக்கப்பால் கொட்டப்படுவது மருத்துவக் கழிவேயாகும். 2024 டிசம்பரில் இது நாடறியச் செய்தியாயிற்று. திருநெல்வேலியை அடுத்த கொடகநல்லூர், நடுக்கல்லூர் முதலிய ஊர்களில் கேரள மருத்துவமனைகளின் கழிவு குவிந்து கிடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டது. கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அதை அள்ளித் திரும்பினர். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், மருத்துவக் கழிவைக் கொட்டுவோரையும் 1982-ஆம் ஆண்டின் தடுப்புக்காவல் சட்டத்துக்குள் கொண்டுவரும் திருத்தத்தை நிறைவேற்றியது.

இதைக் கேட்டவுடன், அவர்கள் குப்பை நம் மண்ணில் என்ற சினம் எழுவது இயல்பே. அச்சினத்தோடு நின்றுவிடாமல் ஆறுகள் செல்லும் திசையையும் சற்று நோக்க வேண்டும். பாலக்காடு 1956 வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தின் பகுதி. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள்தான் இன்றைய மாநில எல்லை வரையப்பட்டது. ஆனால் ஆறுகள் அதற்குப் பன்னெடுங்காலம் முன்பே தம் வழியை வகுத்துக்கொண்டன. ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு பொள்ளாச்சிப் பகுதியைக் கடந்து கேரளத்துக்குள் புகுகிறது. சித்தூர்ப் புழையாகிப் பாரதப்புழையில் கலக்கிறது. சித்தூரில் அதற்குச் சோகநாசினி என்று பெயர். துயரை நீக்குபவள் என்பது பொருள். பாலக்காட்டிலிருந்து வந்த வண்டி பொள்ளாச்சி ஓடைக்கரையில் கொட்டிய கழிவை அடுத்த மழை சோகநாசினியிடமே கொண்டு சேர்க்கக் கூடும். இடுக்கியிலோ நீர் இதற்கு மறுதிசையில் வருகிறது. பெரியாற்றின் நீர் 1895 முதல் முல்லைப்பெரியாறு அணையின் சுரங்கவழியே தேனிக்கும், வைகை வழியாக மதுரைக்கும் வருகிறது. மலைமேல் செய்யும் தவறு கம்பம் பள்ளத்தாக்கின் வயலுக்கு இறங்கிவரும்.

இடுக்கியின் நிலை மற்றொரு வகையிலும் கருதத்தக்கது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்கள் மருத்துவ வசதி அளிக்க வேண்டும் என விதித்தது. தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களின் சிறு ஆஸ்பத்திரிகள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்களுக்குத் துணைநின்றன. பொதுநிலையத்தின் வண்டி எட்டாத ஒதுக்குப்புற ஊர்களில், 2 மீட்டர் ஆழக் குழி தோண்டி, பாதியளவு நிரப்பிச் சுண்ணாம்பிட்டு மூடுவதற்கு விதிகள் இடந்தருகின்றன. ஆனால் அக்குழி நீர்நிலைக்கு அருகிலிருத்தல் கூடாது. மழை மிகுந்து, சரிவுதோறும் ஓடை பாயும் மலைநாட்டில் இந்நிபந்தனையைக் காப்பது எளிதன்று. மலைநாட்டுக்கென வண்டி வசதியும், அருகிலேயே பதப்படுத்தும் ஏற்பாடும் தேவைப்படுவதற்கு இதுவே காரணம்.

இவ்விடரின் முதற்பங்கு யாருக்குச் செல்கிறது? மருத்துவருக்கு முன்பாகச் செவிலியருக்கும், செவிலியருக்கு முன்பாகத் துப்புரவுப் பணியாளருக்கும், அவருக்கும் அப்பால் குப்பை பொறுக்கிப் பிழைப்பவருக்கும் செல்கிறது. 2018 மே மாதம் கோழிக்கோட்டுப் பக்கத்தில் நிபா காய்ச்சல் தோன்றியபோது, தொற்றியவர் பெரும்பாலோர் மருத்துவமனையிலேயே அந்நோயைப் பெற்றனர். பேராம்பிரா வட்ட மருத்துவமனையின் செவிலி லினி, நோயாளிக்குப் பணிவிடை செய்து அதனால் உயிர் துறந்தார். பெயர் அறியப்பட்டவர் அவர். பெயர் அறியப்படாதவர் எத்தனையோ பேர்.

பம்பாயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் கேரளத்திலும் மருத்துவமனைகளில் துப்புரவுப் பணியும் செவிலிப் பணியும் புரியும் தமிழர் பலர் இவ்வுரையைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு செய்தி. கழிவைக் கையாளும் பணியாளருக்குக் கையுறை, முகமூடி, காலணி அளிப்பதும், ஹெப்படைடிஸ் பி மற்றும் டெட்டனஸ் தடுப்பூசி போடுவதும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடற்சோதனை செய்விப்பதும் 2016 விதிகளின்படி நிறுவனத்தின் கடமை. இது சலுகையன்று, உரிமை. ஒப்பந்தக்காரர் மூலம் வந்த பணியாளருக்கும் இவ்வுரிமை உண்டு. ஊசி குத்திவிட்டால் மறைக்காதீர். சோப்பும் நீரும் கொண்டு உடனே கழுவி, காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் சொல்வீராக. எச்.ஐ.வி.-யைத் தடுக்கும் மருந்தைச் சில மணி நேரத்துக்குள், மிஞ்சினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயனுண்டு. இல்லத்தில் இன்சுலின் ஊசி பயன்படுத்துவோரும் அதைக் குப்பையில் வெறுமனே எறியாமல், கெட்டியான மூடியுள்ள புட்டியில் சேர்த்துத் தனியே ஒப்படைத்தல் வேண்டும்.

கைகழுவச் சொன்ன செம்மல்வைஸ் காலத்திலிருந்து இன்றுவரை இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் ஒன்றே. நோய்க்கிருமியைத் தடுப்பது அது புறப்படும் இடத்தில் எளிது, வழியில் அரிது, பரவிய பின் மிக அரிது. வாளையாற்றுச் சோதனைச் சாவடியில் நின்று லாரியைத் திறந்து பார்க்கும் காவலர் தம் கடமையைச் செய்யட்டும். ஆனால் அந்த லாரி புறப்படாமலே இருக்க வேண்டுமாயின், அதற்குரிய சாவடி நோயாளியின் கட்டிலருகே வைத்த நான்கு நிறக் கூடைகளே. எந்தக் கூடையில் எதைப் போடுவது என்று அறிந்த ஒரு பணியாளர், இரு மாநிலங்களின் ஆறுகளுக்கும் காவலராகிறார்.